பாதியில் விட்ட குரோஷாவை மறுபடி கையில் எடுக்க: ஒரு முழு வழிகாட்டி

எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில் மஞ்சள் துணிப்பை ஒன்று ஒன்பது வருஷமாகக் கிடந்தது. உள்ளே ஒரு கருப்பு நூல்கண்டு, உள்ளங்கை அளவுக்கு ஒரு பின்னல், அதில் செருகினபடியே ஒரு மெல்லிய இரும்பு ஊசி. சதுரமாக வரவேண்டிய டேபிள் விரிப்பு, போகப்போக இரண்டு பக்கமும் குறுகி, நுனி வெட்டின கூம்பு மாதிரி ஆகியிருந்தது. "சவத்தைத் தூக்கிப் போடு" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒருநாள் ராத்திரி சுருட்டி வைத்தவள்தான், அதற்கப்புறம் யார் கேட்டாலும் குரோஷா, அதாவது கொக்கி ஊசியால் நூலைக் கண்ணி கண்ணியாகப் பின்னுகிற வேலை, எனக்கு வராது என்று சொல்லிவிடுவேன்.

போன வருஷம் மறுபடி எடுத்தேன். வந்துவிட்டது. அதே கைதான், அதே பொறுமைதான் (அதாவது இல்லாத பொறுமை). நூலை மாற்றினேன், ஊசியை மாற்றினேன், எண்ண ஆரம்பித்தேன், ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்தேன். இந்த நாலுக்கும் எனக்கு ஒன்பது வருஷம் ஆனது, உங்களுக்கு ஒரு மாசம் போதும்.

முதல் வேலை: பழைய பின்னலைப் படிப்பது

எல்லோரும் செய்வது என்னவென்றால், பழையதை உருவிப் போட்டுவிட்டுப் புதுசாக ஆரம்பிப்பார்கள். அதைச் செய்யாதீர்கள். எங்கே தப்பு நடந்தது என்பதற்கு உங்களிடம் இருக்கிற ஒரே சாட்சி அந்தத் துண்டுதான். பகல் வெளிச்சத்தில் மேஜையில் விரித்து வையுங்கள். ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை கண்ணி இருக்கிறது என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். கண்ணி என்பது மேலிருந்து பார்த்தால் படுக்கவைத்த 'வி' எழுத்து மாதிரி தெரியும், அதைத்தான் எண்ண வேண்டும். ஊசியில் மாட்டியிருக்கும் கண்ணி கணக்கில் வராது.

என்னுடையது 40ல் ஆரம்பித்து 14ஆவது வரிசையில் 27ல் நின்றது. 13 தடவை திரும்பியிருக்கிறேன், 13 கண்ணி காணோம். திரும்பும்போதெல்லாம் சரியாக ஒன்றைத் தொலைத்திருக்கிறேன். கை சரியில்லாதவர்களுக்குத் தப்பு இப்படி ஒழுங்காக வராது. தப்பு ஒழுங்காக வந்தால் அதற்கு ஒரே காரணம்தான் இருக்கும், அதைப் பிடித்துவிடலாம்.

உங்கள் துண்டு வேறு மாதிரி இருக்கலாம். பக்கங்கள் குறுகிக்கொண்டே வந்தால் வரிசையின் முதல் கண்ணியோ கடைசிக் கண்ணியோ விட்டுப்போகிறது. அகன்றுகொண்டே போனால் ஓரத்தில் ஒன்று கூடுதலாக விழுகிறது. எண்ணிக்கை சரியாக இருந்தும் அடிப்பக்கம் மட்டும் சுருங்கி, மேலே விசிறி மாதிரி விரிந்திருந்தால் ஆரம்பத்தில் போட்ட செயின் (ஒரு கண்ணி வழியாக அடுத்ததை இழுத்துச் சங்கிலி மாதிரி போடுகிற அடி வரிசை) இறுக்கம். ஊசியே உள்ளே நுழையாத அளவுக்குப் பலகை மாதிரி இருந்தால் எல்லாக் கண்ணியும் இறுக்கம். வட்டமாகப் பின்னி அது கிண்ணம் மாதிரி குவிந்தால் கண்ணி போதவில்லை, பாவாடைக் கொசுவம் மாதிரி நெளிந்தால் கண்ணி அதிகம். ஒவ்வொன்றுக்கும் மருந்து கீழே வருகிறது, உங்கள் நோய் எது என்று குறித்துவைத்துக்கொண்டு மேலே போங்கள்.

நூலும் ஊசியும்

நான் ஏன் கருப்பில், அதுவும் அவ்வளவு மெல்லிய நூலில் ஆரம்பித்தேன் என்பதைச் சொன்னால் சிரிப்பீர்கள். பாளையங்கோட்டையில் ஒரு கைவேலை விற்பனையில் இடையன்குடி லேஸ் பார்த்தேன். சிலந்தி கட்டின மாதிரி அவ்வளவு நுணுக்கம். நாமும் இதைப் பின்னுவோம் என்று அன்றைக்கே கடைக்குப் போய் 1 மில்லிமீட்டர் ஊசியும் மெல்லிய நூலும் வாங்கிவிட்டேன். அந்த லேஸ் குரோஷாவே இல்லை என்பது பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கால்டுவெல் பாதிரியாரின் மனைவி எலைசா இடையன்குடியில் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தது திண்டின் மேல் குண்டூசி குத்தி, நூல் சுற்றின சின்னச் சின்னக் கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு முறுக்குகிற லேஸ். அது வேறு வித்தை, அதில் கொக்கி ஊசிக்கு வேலையே கிடையாது. இல்லாத ஒன்றை இல்லாத கருவியால் செய்யப் பார்த்திருக்கிறேன்.

சரி, நீங்கள் வாங்க வேண்டியது: 4 மில்லிமீட்டர் ஊசி ஒன்று, 5 மில்லிமீட்டர் ஊசி ஒன்று, அதற்கேற்ற தடிமனில் வெளிர் நிறத்தில் ஒரு நூல். சந்தன நிறம், இளமஞ்சள், வெளிர்நீலம், எதுவானாலும் சரி. கருப்பு, கருநீலம், மெரூன் மூன்றும் வேண்டாம், கண்ணி எங்கே இருக்கிறது என்றே தெரியாது. உரோமம் நிற்கிற பஞ்சு நூலும் வேண்டாம், அது அழகுதான், ஆனால் பிரிக்கும்போது கட்டிக்கொண்டு கிடக்கும். கடையிலேயே நூலின் நுனியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து உருட்டிப் பாருங்கள். இழை இழையாகப் பிரிந்தால் ஊசியும் பின்னும்போது அப்படித்தான் பிளக்கும், திருப்பிக் கொடுத்துவிடுங்கள். லேபிளில் எத்தனை மில்லிமீட்டர் ஊசி என்று போட்டிருந்தால் அதையே நம்புங்கள்.

காட்டனா உல்லனா என்று கேட்பார்கள். நம் ஊர் பேன்சி ஸ்டோர்களில் உல்லன் நூல் என்று கேட்டால் பெரும்பாலும் அக்ரிலிக்தான் வரும். விலை குறைவு, வழவழப்பு, பழகுவதற்கு நல்லது. ஆனால் சித்திரை வைகாசி வெயிலில் விரல் வேர்க்கும்போது அது விரலோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கும். எனக்குக் காட்டன்தான் ஒத்துவந்தது. காட்டன் இழுபடாது, அதனால் முதல் இரண்டு நாள் கை கொஞ்சம் கடுக்கும், அப்புறம் பழகிவிடும். மடியில் ஒரு கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள்.

ஊசியில் ஒரு கோளாறு உண்டு. மில்லிமீட்டரில் எண் கூடினால் ஊசி தடிமன். மெல்லிய நூலுக்கான இரும்பு ஊசிகளில் போடுகிற அமெரிக்க எண்ணோ தலைகீழ், எண் கூடக்கூட ஊசி மெலியும். பெட்டியில் கிடக்கிற பழைய ஊசியில் 10 என்று இருந்தால் அது தடிமனான ஊசி என்று எடுத்துவிடாதீர்கள். மில்லிமீட்டரை மட்டும் பாருங்கள்.

ஒரே பேர், இரண்டு பின்னல்

என் 13 கண்ணிகள் எங்கே போயின என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

குரோஷாவில் அமெரிக்கப் பெயர்கள் ஒரு வகை, பிரிட்டிஷ் பெயர்கள் இன்னொரு வகை. பெயர் ஒன்றாக இருக்கும், பின்னல் வேறாக இருக்கும். அமெரிக்காவில் சிங்கிள் குரோஷே என்பதைத்தான் பிரிட்டனில் டபுள் குரோஷே என்கிறார்கள். அமெரிக்க டபுள், பிரிட்டனில் ட்ரெபிள். அமெரிக்க ஹாஃப் டபுள், அங்கே ஹாஃப் ட்ரெபிள். அமெரிக்க ட்ரெபிள், அங்கே டபுள் ட்ரெபிள். எல்லாம் ஒரு படி தள்ளி நிற்கும். கண்டுபிடிக்கச் சுலபமான வழி, சிங்கிள் என்ற சொல் எங்கேயாவது வருகிறதா என்று பார்ப்பது. பிரிட்டிஷ் முறையில் சிங்கிள் என்று ஒரு கண்ணியே இப்போது கிடையாது, ஆகவே அந்தச் சொல் இருந்தால் அது அமெரிக்க முறை.

நான் பார்த்துப் பின்னியது அம்மா வைத்திருந்த பழைய தையல் புத்தகம், பிரிட்டிஷ் முறை. டபுள் பின்னு, ஒரு செயின் போட்டுத் திரும்பு என்று அதில் இருந்தது. குட்டையான கண்ணிக்கு ஒரு செயின் சரிதான். டபுள் எப்படிப் போடுவது என்று போனில் வீடியோ பார்த்தேன், அது அமெரிக்க முறை, உயரமான கண்ணி. அதற்கு மூன்று செயின் போட்டுத் திரும்ப வேண்டும், அந்த மூன்றே முதல் கண்ணியாகக் கணக்கு, அதனால் அடியில் இருக்கும் முதல் கண்ணியை விட்டுவிடு என்று வீடியோக்காரம்மா சொன்னாள். நான் புத்தகத்தின்படி ஒரு செயின் போட்டேன், வீடியோவின்படி முதல் கண்ணியை விட்டேன். அந்த ஒற்றைச் செயின் கண்ணுக்கே தெரியாமல் ஓரத்தில் புதைந்துபோனது, அடுத்த வரிசை முடிவில் அதில் பின்னவும் இல்லை. வரிசைக்கு ஒன்று போச்சு.

இந்த வழிகாட்டியில் நான் சொல்வதெல்லாம் அமெரிக்கப் பெயர். புதுசாக எந்தப் பேட்டர்ன் (பின்னல் குறிப்பு) எடுத்தாலும் முதல் பக்கத்திலேயே எந்த முறை என்று பென்சிலால் எழுதிவிடுங்கள்.

கை

பேனா பிடிக்கிற மாதிரியும் பிடிக்கலாம், கத்தி பிடிக்கிற மாதிரியும் பிடிக்கலாம். எது சரி என்று சண்டை போடுவதற்கு ஒன்றும் இல்லை. மணிக்கட்டு வலிக்காதது எதுவோ அது. இன்னொரு கையில் நூலைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலின் மேல் கொண்டுவாருங்கள். ஆள்காட்டி விரலைத் தூக்கினால் நூல் இறுகும், தாழ்த்தினால் இளகும். கண்டை மேஜைமேல் வைக்காமல் ஒரு சொம்பிலோ டப்பாவிலோ போட்டுவிட்டால் அறை முழுக்க உருண்டு ஓடாது.

இறுக்கத்துக்கான மருந்தை எனக்குச் சொன்னது அம்பாசமுத்திரத்து அத்தை. மாமா விக்கிரமசிங்கபுரம் மில்லில் இருந்தவர், ஊரே நூல் ஊர். நான் பின்னுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஏளா, நூலக் கழுத்துல போட்டு நெரிக்கியே, செத்த உள்ள தள்ளி வயித்துல போடு" என்றாள். ஊசியைக் கிட்டத்தில் பாருங்கள். கொக்கிக்குக் கீழே கொஞ்ச தூரம் ஒடுங்கியிருக்கும், அதுதான் அத்தை சொன்ன கழுத்து. அதற்கும் கீழே முழுத் தடிமனாக இருக்கிற தண்டு, வயிறு. 4 மில்லிமீட்டர் என்பது வயிற்றின் அளவு. கண்ணியைக் கழுத்திலேயே வைத்து இறுக்கினால் நீங்கள் பின்னுவது 4 மில்லிமீட்டர் ஊசியில் இல்லை, அதைவிட மெல்லிய ஊசியில். அடுத்த வரிசையில் முழு ஊசியும் அதற்குள் நுழையாமல் முரண்டு பிடிக்கும். இழுத்த ஒவ்வொரு கண்ணியையும் வயிறுவரை தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். என் பல வருஷ இறுக்கம் அன்றைக்கு மத்தியானமே இளகிவிட்டது.

பழகுகிற பதினைந்து நாள்

ஒரு நாளைக்கு இருபது நிமிஷம் போதும். அதற்கு மேல் உட்கார்ந்தால் மறுநாள் கட்டை விரல் பேசும்.

முதல் மூன்று நாள் செயின் மட்டும். 20 செயின் போடுங்கள், பாருங்கள், பிரியுங்கள், மறுபடி போடுங்கள். எல்லாம் ஒரே அளவாக வரும்வரை வேறு எதையும் தொட வேண்டாம். அடிச் செயின் இறுகுகிற ஆட்கள் செயினை மட்டும் 5 மில்லிமீட்டர் ஊசியில் போட்டுவிட்டு, முதல் வரிசையிலிருந்து 4க்கு மாறிக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஒரு பட்டை, சிங்கிளில். 13 செயின் போட்டு, ஊசியிலிருந்து இரண்டாவது செயினில் குத்தி ஆரம்பியுங்கள். குத்தி, நூலை எடுத்து வெளியே இழுத்தால் ஊசியில் இரண்டு கண்ணி இருக்கும். மறுபடி நூல் எடுத்து இரண்டின் வழியாகவும் இழுத்தால் ஒரு சிங்கிள் முடிந்தது. கடைசிச் செயின்வரை போனால் 12 வரும். ஒரு செயின் போட்டுத் திரும்புங்கள். சிங்கிளில் இந்தச் செயின் கணக்கில் சேராது, அதனால் அடியில் இருக்கும் முதல் கண்ணியிலேயே பின்னுங்கள். அடுத்த வரிசையிலிருந்து 'வி'யின் இரண்டு கால்களுக்கும் அடியில் குத்த வேண்டும், ஒரு காலில் மட்டும் குத்தினால் வேறு மாதிரி வரும்.

இங்கேதான் ஊக்கு உதவிக்கு வருகிறது. ஒவ்வொரு வரிசையிலும் முதல் கண்ணியைப் போட்டவுடன் அதில் ஒரு ஊக்கை மாட்டிவிடுங்கள். திரும்பி வரும்போது அந்த ஊக்கு இருக்கிற கண்ணிதான் உங்கள் கடைசிக் கண்ணி, அதில் பின்னாமல் திரும்பக் கூடாது. வரிசை முடிந்ததும் எண்ணுங்கள். 12 இல்லையென்றால் அந்த வரிசையை அப்போதே பிரியுங்கள். ஒரு வரிசையைப் பிரிக்க அரை நிமிஷம் ஆகும், பத்து வரிசை கழித்துக் கண்டுபிடித்தால் பை மறுபடி பீரோவுக்குப் போய்விடும்.

பிறகு டபுள். 14 செயின் போட்டு, ஊசியிலிருந்து நாலாவது செயினில் ஆரம்பியுங்கள். விட்ட மூன்றும் முதல் கண்ணி, அதோடு 11 டபுள், மொத்தம் 12. டபுளுக்கு முதலில் நூலை ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டுதான் குத்த வேண்டும். இழுத்தால் ஊசியில் மூன்று கண்ணி நிற்கும், நூல் எடுத்து இரண்டின் வழியாக, மறுபடி எடுத்து மீதி இரண்டின் வழியாக. மூன்று செயின் போட்டுத் திரும்பி, அடியில் இருக்கும் முதல் கண்ணியை விட்டுவிடுங்கள். வரிசை முடிவில் போன வரிசையின் மூன்று செயினுக்கு உச்சியில் ஒன்று பின்னுங்கள். விட்டதும் பின்னியதும் ஈடாகிவிடும். இரண்டிலும் பின்னினால் அகலும், இரண்டையும் விட்டால் என் கூம்பு.

செங்கோட்டை பாசஞ்சரில் அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் இந்தப் பட்டையைத்தான் பின்னினேன். சேரன்மாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் ஏழெட்டு வரிசை ஓடும். எதிர் சீட்டு ஆச்சி ஒருத்தி, "யாருக்கும்மா கட்டுத் துணி?" என்று கேட்டாள். பட்டையைப் பார்த்தால் காயத்துக்குக் கட்டுகிற துணி மாதிரித்தான் இருந்தது.

வட்டம்

வட்டத்துக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அது புரிந்துவிட்டால் பேட்டர்னே வேண்டாம். சிங்கிள் கண்ணியின் அகலமும் உயரமும் ஏறக்குறைய ஒன்று. ஒவ்வொரு சுற்றுக்கும் வட்டத்தின் ஆரம் ஒரு கண்ணி உயரம் கூடுகிறது, ஆகவே சுற்றளவு அந்த உயரத்தைப் போல 6.28 மடங்கு கூட வேண்டும். பள்ளிக்கூடத்தில் படித்த 2 பை ஆர்தான். அதனால் சுற்றுக்கு 6 கண்ணி கூட்டுகிறோம். இடுக்குப் புள்ளிக் கோலத்தில் நடுப்புள்ளியைச் சுற்றி ஆறு புள்ளி உட்காருமே, அதே மாதிரி. முதல் சுற்று 6, அடுத்து ஒவ்வொரு கண்ணியிலும் இரண்டு போட்டு 12, அடுத்தது ஒன்றுவிட்டு ஒன்றில் இரண்டு போட்டு 18, அடுத்தது இரண்டு விட்டு மூன்றாவதில் இரண்டு போட்டு 24. டபுள் ஏறக்குறைய இரண்டு மடங்கு உயரம், அதனால் 12, 24, 36.

குவிந்தால் ஒன்றிரண்டு கூட்டுங்கள், நெளிந்தால் குறையுங்கள். உங்கள் கை இறுக்கம் மற்றவர்கள் மாதிரி இருக்காது.

முதலில் எதைப் பின்னுவது

ஸ்வெட்டர் வேண்டாம். நம் ஊரில் யார் போடப்போகிறார்கள்? டேபிள் விரிப்பும் வேண்டாம், அனுபவம் பேசுகிறது. அடுப்படியில் சட்டி இறக்குகிற பிடிதுணி பின்னுங்கள். காட்டனில் மட்டும், அக்ரிலிக் சூட்டில் உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். கை அகலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செயின் போட்டு, சிங்கிளிலேயே சதுரமாக இரண்டு துண்டு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஓரம் முழுக்கச் சிங்கிள் போட்டு இணைத்துவிடுங்கள். மூலையில் மட்டும் ஒரே இடத்தில் மூன்று போட்டால் மூலை மடங்காது. ஓரம் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் அந்த இணைப்பு மறைத்துவிடும், அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

அடுத்து டம்ளருக்கு அடியில் வைக்கிற வட்டம். அதற்கடுத்து கிரானி சதுரம்: 4 செயினை வளையமாக்கி, அதற்குள் 3 செயினும் 2 டபுளும் போட்டு 2 செயின் விட வேண்டும். பிறகு 3 டபுள், 2 செயின் என்று மூன்று தடவை, கடைசியில் ஆரம்பச் செயினின் உச்சியில் ஸ்லிப் ஸ்டிச் (குத்தி எடுத்த நூலை ஊசியில் இருக்கும் கண்ணி வழியாகவும் ஒரே இழுப்பாக இழுப்பது) போட்டு முடிப்பது. நாலு மூலை வந்திருக்கும். அடுத்த சுற்றில் ஒவ்வொரு மூலை இடைவெளியிலும் 3 டபுள், 2 செயின், 3 டபுள். நிறம் மாற்ற ஆசை வந்தால் இதில் மாற்றிக்கொள்ளுங்கள்.

நூலை வெட்டும்போது 15 சென்டிமீட்டர் வால் விடுங்கள். பெரிய கண்ணுள்ள மழுங்கின ஊசியில் கோத்து, ஒரு பக்கமாகக் கொஞ்சம், திரும்பி எதிர்ப்பக்கமாகக் கொஞ்சம், மறுபடி ஒரு தடவை என்று பின்னலுக்குள்ளேயே ஓட்டி விடுங்கள். முடிச்சுப் போட்டு ஒட்ட வெட்டினால் இரண்டாவது துவைப்பில் அவிழும். காட்டன் துண்டை நனைத்துப் பிழிந்து, மடித்த போர்வைமேல் சதுரமாக இழுத்து, துருப்பிடிக்காத குண்டூசி குத்தி ஃபேனுக்கு அடியில் காயவிட்டால் கோணல் பாதி போய்விடும். அக்ரிலிக்கில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைக்கவே கூடாது.

விரல் மரத்துப்போனாலோ ராத்திரி மணிக்கட்டு வலித்தாலோ இரண்டு நாள் ஊசியைத் தொடாதீர்கள். அதற்கும் போகவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள்.

அந்தப் பழைய துண்டு

இப்போது பிரிக்கலாம். உருவின நூல் சுருள் சுருளாக நிற்கும், அப்படியே பின்னினால் கண்ணி சமமாக வராது. நாற்காலி முதுகில் சுற்றி, நாலு இடத்தில் வேறு நூலால் தளரக் கட்டி, தண்ணீரில் நனைத்துக் கொடியில் தொங்கவிடுங்கள். காய்ந்தால் நீண்டுவிடும், அப்புறம் கண்டாகச் சுற்றுங்கள்.

என்னுடையதில் ஊசி செருகியிருந்த இடத்தில் துருக்கறை ஏறி, அங்கே நூலும் இற்றுப்போயிருந்தது. அந்த இரண்டு முழத்தை வெட்டி எறிந்தேன். மீதிக் கருப்பு நூலில் இப்போது 1.5 மில்லிமீட்டர் ஊசியால் ஒரு பட்டை ஓடுகிறது, ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், ஜன்னல் ஓரத்தில், மடியில் வெள்ளைத் துண்டு விரித்துக்கொண்டு. நேற்று 31ஆவது வரிசை. எண்ணினேன், 40.